வேலையைப் பறித்துவிட்டு வழிகாட்டுவதா?

மழை பெய்யும்போது குடை பிடித்துக்கொள் என்பது அறிவுரை. வீட்டுக் கூரையைப் பிரித்தவனே வாயிலில் வந்து நின்று, குடை பிடிக்கத் தெரியாதா உனக்கு என்று கேட்பது அறிவுரையன்று, ஏளனம். திருச்சிராப்பள்ளி உழைப்பாளர்க்கு அரசும் ஆலை முதலாளியரும் மேடைதோறும் தன்முன்னேற்றம் பேசும் சொல்விற்பனையாளரும் வழங்கிவருவது இவ்விரண்டாம் வகையினது. ஒரு தொழில் போனால் மறுதொழில் கற்றுக்கொள், காலத்திற்கேற்ப மாறு, மாறாதவன் அழிவான் என்பதே இவர்தம் ஓயாத ஓதல்.

ஒருமுறை வேலையிழந்தவனுக்கு இதைச் சொன்னால் அவன் பொறுமையோடு கேட்டுக்கொள்வான். மும்முறை தொழில் மாறி, மாறிய இடந்தோறும் தேர்ந்த கையெனப் பெயரெடுத்து, அவ்விடந்தோறும் தன் குற்றம் ஒன்றுமின்றியே வெளியே தள்ளப்பட்டவனுக்கு இதைச் சொல்பவன், அவனுடைய வாழ்வை ஒருநாளும் ஏறெடுத்துப் பார்த்தவன் அல்லன். தமிழ்நாட்டு உழைப்பாளனுக்கு மாறத் தெரியாது என்பது பொய். திருச்சிராப்பள்ளியின் தொழில் வரலாறே அதற்குச் சான்று.

உறையூரை எடுத்துக்கொள்க. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க வணிகன் ஒருவன் எழுதிவைத்த செங்கடல் வழிநூல் அர்காரு என்னும் ஊரின் மென்றுகிலைக் குறிப்பிடுகின்றது. அவ்வூர் உறையூரே என்பது அறிஞர் பலர் துணிபு. சோழர் தலைநகராயிருந்த அவ்வூரில் தறியின் ஓசை இருபதாம் நூற்றாண்டிலும் கேட்டது. ஆலைத்துணியும் விசைத்தறியும் கைத்தறியை நெரித்தபோது, நெசவுக் குடும்பத்துப் பிள்ளைகள் சோம்பிக் குந்தியிருக்கவில்லை. ஊருக்குள் கிடைத்த வேறு தொழில்களைப் பற்றிக்கொண்டனர்.

அவற்றுள் ஒன்று சுருட்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருச்சிராப்பள்ளிச் சுருட்டு ஆங்கிலவர் நாடு முழுதும் அறிந்த சரக்கு. ஆர்தர் கோனன் தாயில் 1887இல் வெளியிட்ட முதல் செர்லாக்கு ஓம்சு கதையில், குற்றவாளி புகைத்தது திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்பதை அதன் சாம்பலைக் கொண்டே துப்பறிவோன் கண்டுபிடிக்கின்றான். அக்கதையாசிரியன், விளக்கம் ஏதும் தராமலே ஊர்ப்பெயரைச் சொல்லிச் செல்லும் அளவுக்கு அச்சரக்குப் பெயர்பெற்றிருந்தது. பின்னாளில் வின்சுடன் சர்ச்சிலும் அதனை விரும்பினார் என்பர். (தமிழுக்கென வாழ்ந்த கி.ஆ.பெ. விசுவநாதம் அவர்கள் திருச்சிராப்பள்ளியில் புகையிலை வணிகராயிருந்தே தம் குடும்பத்தையும் பொதுத்தொண்டையும் தாங்கினார் என்பதும் ஈண்டு நினைக்கத் தக்கது. புகையிலையின் தீங்கு வேறு வழக்கு. அதனைச் சுருட்டிய கைகளின் பாடே ஈண்டுப் பேச்சு.) ஆங்கிலவர் ஆட்சி போயிற்று; பொறி உருட்டிய வெண்சுருட்டு ஊரை நிறைத்தது; கையால் சுருட்டியவர் பணியிழந்தனர். ஒருவரும் அவர்களுக்கு ஈட்டுத்தொகை தந்ததில்லை. நன்றி என்றாவது சொன்னவருமில்லை.

அடுத்து வந்தது கல் பட்டை தீட்டும் தொழில். செயற்கை வயிரம் என ஊரார் சொல்லும் கற்கள் திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, கருவூர்ப் பக்கத்துச் சிற்றூர்களின் திண்ணைகளிலும் கொட்டகைகளிலும் பட்டை தீட்டப்பெற்றன. ஓர் அரிசியினும் சிறிய கல்லைக் கோலின் நுனியில் அரக்கால் ஒட்டி, சுழலும் சாணைத் தட்டில் சாய்த்துப் பிடித்து, ஐம்பத்தேழு முகங்களைக் கண்ணளவாலும் கைத்திட்டத்தாலும் எடுப்பது எளிய செயலன்று. ஒரு முகம் மயிரிழை தப்பினாலும் கல் ஒளியிழக்கும். எந்தக் கல்லூரியிலும் கற்பிக்காத நுண்மை அது. அத்தொழிலில் சிறுவரையும் உட்கார வைத்து அவர்தம் பள்ளிப்பருவத்தைக் கெடுத்தனர் என்பது மறைக்கக் கூடாத கறை. எனினும் ஆயிரமாயிரம் குடும்பங்களின் அடுப்பு அத்தட்டின் சுழற்சியால் எரிந்தது. சீனத்திலும் தாய்லாந்திலும் தன்னியங்கிப் பொறிகள் வந்து, ஒரே பொறி பலர் வேலையைச் செய்யத் தொடங்கியபின், இங்கே கூலி சரிந்தது. பிறகு கல்லே வரவில்லை. தட்டு நின்றது.

மூன்றாவது, கொதிகலன். நடுவணரசின் பாரத மிகுமின் நிறுவனம் திருவெறும்பூரில் அமைத்த உயரழுத்தக் கொதிகலன் ஆலை 1965இல் ஆக்கத்தைத் தொடங்கிற்று. அவ்வாலைக்கு வேண்டிய இரும்புக் கட்டமைப்புகளையும் குழாய்ப் பகுதிகளையும் செய்துதர, துவாக்குடியிலும் அரியமங்கலத்திலும் மாத்தூர்ப் பக்கத்திலும் நூற்றுக்கணக்கான துணைப் பட்டறைகள் எழுந்தன. வெல்டிங் என்று மக்கள் வழங்கும் பற்றவைப்புத் தொழிலில் திருச்சிராப்பள்ளிக் கைக்கு நாடெங்கும் மதிப்பு ஏற்பட்டது. 1975இல் பற்றவைப்பு ஆராய்ச்சி நிலையமே இங்குத்தான் நிறுவப்பெற்றது. உயரழுத்தக் குழாயின் பற்றுவாயில் ஊசிமுனையளவு வளிக்குமிழ் இருந்தாலும் ஊடுகதிர்ப் படம் அதனைக் காட்டிக் கொடுத்துவிடும். பின்னொருநாள் நீராவி அவ்விடத்தில் பிளந்துகொண்டு வெளிவரும். அத்தகைய பணியைப் பிழையின்றிச் செய்தவர்கள் பெரும்பாலும் பத்தாம் வகுப்பைத் தாண்டாதவர்கள்.

அதுவும் சரிந்தது. 2012ஐ ஒட்டிப் புதிய அனல்மின் நிலையங்களுக்கான ஆணைகள் குறையத் தொடங்கின. சீனத்துக் கொதிகலன்கள் தனியார் மின்நிலையங்களுக்கு இறக்கப்பட்டன. 2014 செப்டம்பர் 24ஆம் நாள் உச்ச நீதிமன்றம், முறைகேடாக வழங்கப்பட்ட 218 நிலக்கரிச் சுரங்க ஒதுக்கீடுகளுள் 214ஐ நீக்கிற்று. முறைகேட்டைச் செய்தவர் தில்லியிலிருந்தனர். அதனால் ஆணையிழந்து, வங்கிக் கடன் கட்ட முடியாமல் பட்டறைக்குப் பூட்டுப் போட்டவர் துவாக்குடியிலிருந்தனர். அடுத்தடுத்து 2016 நவம்பரில் பணத்தாள் செல்லாதாக்கம், 2017 சூலையில் சரக்கு, பணி வரி, 2020 மார்ச்சில் ஊரடைப்பு. எஞ்சியிருந்த சிறு பட்டறைகளும் இடிமேல் இடி தாங்க வேண்டியனவாயின.

இப்போது ஓர் உழைப்பாளனை மனத்தில் நிறுத்திக்கொள்க. 1975இல் பிறந்தவன், எழுதுபொருளுக்காகப் படைத்துக்கொண்ட ஆளே எனினும், அவனை ஒத்தவரைத் திருச்சிராப்பள்ளித் தெருக்களில் தேடி அலைய வேண்டியதில்லை. பாட்டன் நெசவாளி. தந்தை சுருட்டுக் கொட்டகையில் இருந்தவர். மகன் பதினைந்து அகவையில் சாணைத் தட்டின் முன் அமர்ந்தான். முப்பதை நெருங்கும்போது கல் நின்றது. பட்டறையில் எடுபிடியாய்ச் சேர்ந்து, இரவில் மிச்ச இரும்பில் பழகிப் பழகிப் பற்றவைப்பாளன் ஆனான். நாற்பதை நெருங்கும்போது பட்டறை பூட்டப்பட்டது. நகையை விற்று முகவனுக்குப் பணங்கட்டி வளைகுடா நாட்டுக்குப் போனான். ஊரடைப்பில் திரும்பினான். இன்று திருவரங்கத்தில், 1987இல் கட்டி முடிக்கப்பெற்ற அரசகோபுரத்தின் அடியில், ஆட்டோ என்று ஊர் சொல்லும் தானியோடு, வழிபாட்டுக்கு வருவோர் பேருந்திலிருந்து இறங்கும் வரை காத்து நிற்கின்றான். வண்டி அவனுடையதன்று, நாள் வாடகை.

ஐம்பது அகவைக்குள் நான்கு தொழில். இவனிடம் போய், மாறக் கற்றுக்கொள் என்று சொல்ல எவனுக்குத் துணிவு வரும்? மேடைப் பேச்சாளன் தன் வாழ்நாளில் மாறியது மேடையை மட்டுமே.

இவ்வாறு ஓட்டுவோர்க்கும் திருவரங்கத்தில் பிழைப்பு நிலையானதன்று. 2020 மார்ச்சில் கோயில் வாயில் அடைக்கப்பட்டபோது தானிக்காரர், பூக்காரர், தேங்காய்க்கடைக்காரர், அம்மா மண்டபத் துறையில் சிறுகடை வைத்திருந்தோர் என அனைவரும் ஒரே நாளில் வருவாயிழந்தனர். கோயிலையே நம்பிய ஊரில் பழந்தொழிலாளியின் இறுதிப் புகலிடமும் ஒரு தாழ்ப்பாளைப் பொறுத்தது.

ஆண்களின் தொழிலிழப்பையே எண்ணுவோர் காணாத ஒன்று உண்டு. தட்டு நின்ற போதும் பட்டறை பூட்டப்பட்ட போதும் அந்தக் குடும்பங்கள் பட்டினியால் மடியாமல் நின்றது பெண்களால். சாத்தார வீதிப் பூச்சந்தையிலிருந்து உதிரிப்பூவை வாங்கிவந்து, விடிவதற்குள் முழக்கணக்கில் கட்டிக் கொடுத்த கைகள் அவை. பீடி சுற்றிய கைகளும், நான்கு வீட்டில் ஏனம் துலக்கிய கைகளும் அவையே. எந்தப் பதிவேட்டிலும் அவர்கள் தொழிலாளர் அல்லர். ஆதலால் அவர்கள் வேலையிழந்ததாகவும் எவரும் எழுதமாட்டார். கல் பட்டை தீட்டியோருள் பெண்டிர் மிகப்பலர். தொழில் நின்றபோது அவர்களை வீட்டுக்குத் திரும்பினர் என்று அலுவலர் சொல்லி முடித்துவிட்டனர்.

இனிச் சட்டத்தைப் பார்க்க. 1947ஆம் ஆண்டுத் தொழிற்பூசல் சட்டம், ஆட்குறைப்புக்கு உள்ளானவனுக்கு அவன் பணியாற்றிய ஒவ்வோராண்டுக்கும் பதினைந்து நாட் சம்பளம் ஈடாகத் தருமாறு கூறிற்று. ஓராண்டில் 240 நாள் பணி செய்திருந்தால்தான் அவ்வுரிமை. உடனே முதலாளியின் கணக்கன் விழித்துக்கொண்டான். இருநூற்று முப்பதாம் நாளில் ஒருவனை நிறுத்தி, ஒரு கிழமை கழித்து வேறொரு ஒப்பந்தக்காரன் பெயரில் மீண்டும் சேர்த்தால் போதும். இருபதாண்டு ஒரே பட்டறையில் உழைத்தவனும் ஏட்டில் என்றும் புதியவன். திரும்பத் திரும்ப வேலையிழக்கும் நிலை இயற்கையின் சீற்றமன்று, மேசைமேல் வரையப்பட்ட கணக்கு என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

அச்சட்டம் போய் 2020ஆம் ஆண்டின் தொழிலுறவுத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21ஆம் நாள் நடைமுறைக்கு வந்துள்ளது. ஆலையை மூடவோ ஆட்களைக் குறைக்கவோ அரசின் முன்னிசைவு பெறவேண்டிய வரம்பு, நூறு தொழிலாளரிலிருந்து முந்நூறாக உயர்த்தப்பட்டது. துவாக்குடிப் பட்டறைகளுள் முந்நூறு பேரைக் கொண்டவை எத்தனை என்பதை அவ்வூர்ச் சிறுவனும் சொல்வான். அதற்கு மாற்றாக ஒன்று தந்திருப்பதாகப் பெருமை பேசுகின்றனர்: மறுதிறன் நிதி. ஆட்குறைப்புக்கு உள்ளானவன் புதுத்தொழில் கற்க, அவன் கடைசியாகப் பெற்ற சம்பளத்தில் பதினைந்து நாள் அளவு, நாற்பத்தைந்து நாளுக்குள் அவன் கணக்கில் சேருமாம்.

பதினைந்து நாள்! நாளொன்றுக்கு அறுநூறு உருவா பெற்றவன் என்று கொண்டால் ஒன்பதாயிரம் உருவா. ஆண்டுக்குப் பதினைந்து நாள் என்றுகூட அன்று. மொத்தமே பதினைந்து நாள். ஈராண்டு உழைத்தவனுக்கும் இருபதாண்டு உழைத்தவனுக்கும் அளவு ஒன்றே. நல்ல பற்றவைப்பாளன் உருவாகப் பல ஆண்டு செல்லும். கல்லுக்குக் கண் பழகவே ஓராண்டு கழியும். இவற்றை மறந்து வேறொன்று கற்க அரசு கொடுக்கும் தவணை, அரைத்திங்கட் சோறு. இதிலும் உட்பூட்டு ஒன்று உண்டு. வரையறுத்த காலத்துக்கு அமர்த்தப்பட்டவனின் காலம் முடிந்து அவன் வெளியேறினால் அது ஆட்குறைப்பே ஆகாது என்று அச்சட்டமே சொல்லிவிட்டது. எனவே அவனுக்கு அவ்வரைத்திங்கட் சோறும் இல்லை. திண்ணையில் கல் தீட்டியவனும், பூக்கட்டியவளும், வாடகைத் தானி ஓட்டுபவனும் இச்சட்டத்தின் வாயிலுக்கே வர இயலாது.

தொழிலாளர் ஈட்டுறுதிக் கழகத்தின் வழியாக வேலையிழந்தோர்க்கு உதவித்தொகை தரும் திட்டம் ஒன்றும் 2018இல் வந்தது. முதலில் சம்பளத்தில் நான்கிலொரு பங்கு, 2020இல் அரைப்பங்காக்கினர். தொண்ணூறு நாள் வரை கிடைக்கும். நல்லதுதான். ஆனால் அதனை வாழ்நாளில் ஒருமுறையே பெறலாம் என வரையறை செய்தனர். வேலையை எத்தனைமுறை பறிக்கலாம் என்பதற்கு வரம்பு உண்டா? பறிப்பதற்கு எண்ணிக்கை இல்லை. கொடுப்பதற்கு மட்டும் ஒன்று என்னும் எண்ணிக்கை! காய்ச்சலுக்கு வாழ்நாளில் ஒருமுறையே மருந்து தரும் மருத்துவமனையை எவரும் கேள்விப்பட்டதில்லை.

சரி, அரசுப்பணிக்கோ நடுவணரசின் நிறுவனங்களுக்கோ போகலாமே என்பர். அவ்வழியில் மொழி என்னும் முள்வேலி. 2019 சூலை 14ஆம் நாள் நடந்த அஞ்சல்துறைத் தேர்வில் முதல் தாள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே இருந்தது; தமிழ்நாட்டு உறுப்பினர்கள் மாநிலங்களவையைக் கலக்கிய பின்னரே இரண்டு நாளில் அத்தேர்வை நீக்கினர். நடுவண் காவற்படைகளின் காவலர் தேர்வைத் தமிழில் எழுத 2024 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. வாயிற்காவல் செய்யும் பணிக்குத் தேர்வு எழுதவும் ஒரு தமிழன் எழுபத்தாறு ஆண்டு விடுதலைக்குப் பின் தன் மொழியை இரந்து பெறவேண்டியிருந்தது என்பதை எண்ணும்போது நெஞ்சு கொதிக்கின்றது. தமிழ்நாட்டரசு தன் தேர்வாணையத் தேர்வுகளில் தமிழ்த்தாள் தேர்ச்சியை 2021 திசம்பரில் கட்டாயமாக்கியது பாராட்டத்தக்கதே. ஆயினும் அது மேசைப் பணிக்கு. பட்டறைக் கைக்கு என்ன செய்தது?

பொன்மலையில் இக்கேள்வி நூறாண்டுப் பழமையது. தென்னிந்தியத் தொடர்வண்டிக் குழுமம் நாகப்பட்டினத்துப் பணிமனையைப் பொன்மலைக்கு மாற்றிய நாட்களில், செலவைச் சுருக்கும் பெயரால் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளரை வெளியேற்றத் திட்டமிட்டது. அதற்கு அது கையாண்ட கருவி என்ன? தொழில்திறன் தேர்வு! பல்லாண்டு வண்டிகளைச் செப்பம் செய்து ஓடவிட்டவர்களை, உமக்குத் தொழில் தெரியுமா என்று மீண்டும் தேர்வில் உட்காரச் சொன்னது. 1928இல் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். சிங்காரவேலரும் முகுந்தலால் சர்க்காரும் முன்னின்றனர். அடக்குமுறையில் போராட்டம் முறிந்தது. தலைவர்கள் சிறை சென்றனர். திறன் இல்லை என்று சொல்லி வெளியேற்றும் சூழ்ச்சி அன்றே வெள்ளையன் கற்பித்தது. இன்றைய ஆட்சியர் அதற்குப் புதுப்பெயர் மட்டும் வைத்தனர்.

அதே பொன்மலைப் பணிமனையில், தொழில் பழகுநர் இடங்களுக்கு வடமாநிலத்தவரே பெருவாரியாக எடுக்கப்பட்டனர் என்று 2019 மேத் திங்களில் தமிழ்த்தேசிய அமைப்பினர் மறியல் செய்தனர். அம்மறியலின் அறம் ஐயத்துக்கு இடமில்லாதது. பணிமனைச் சுவரை ஒட்டிய தெருக்களிலும், திருவெறும்பூர் அரசு தொழிற்பயிற்சி நிலையத்திலும் பயின்ற பிள்ளைகள் வெளியே நிற்க, ஆயிரங்கல் தொலைவிலிருந்து ஆள் சேர்ப்பதன் மறைபொருள் என்ன என்று கேட்பது உரிமை. ஆனால் ஒன்றைத் தெளிவாக உணர்தல் வேண்டும். பீகாரிலிருந்து மூட்டையோடு வந்து பட்டறை மூலையில் படுத்துறங்கும் கூலியாளும் தன் ஊரில் வேலையிழந்தவனே. அவனுடைய வறுமையைக் காட்டித் தமிழனின் கூலியைக் குறைப்பவனும், தமிழனின் சினத்தைக் காட்டி அவனை அஞ்சவைப்பவனும் ஒருவனே. சினம் சேரவேண்டிய முகவரி தெரியாமல் போனால், அடி எளியவன்மேல் விழும்; முதலாளி மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பான்.

தொழில் மாறு என்னும் ஓதலுக்கு எதிராக நிறுத்தத்தக்க ஒரு வாழ்க்கை இதே திருச்சிராப்பள்ளியோடு தொடர்புடையது. மொழிஞாயிறு பாவாணர் 1934 முதல் 1943 வரை புத்தூர் பிசப்பு ஈபர் உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராயிருந்தார். அவருடைய ஒப்பியன் மொழிநூல் 1940இல், அவர் இவ்வூரில் இருந்தபோது வெளிவந்தது. ஆம்பூர், சென்னை, மன்னார்குடி, திருச்சிராப்பள்ளி, சேலம் என ஊர்ஊராய்ப் பணி மாறினார். 1956இல் அண்ணாமலைப் பல்கலைக் கழகத்துக்குச் சென்றார். 1961இல் அப்பணியும் இல்லாமற் போயிற்று. அறுபதை நெருங்கிய நிலையில் காட்டுப்பாடியில் வருவாயின்றி வாழ்ந்தார். அன்று அவரிடம் வந்து, சொல்லாராய்ச்சிக்கு விலையில்லை, வேறு தொழில் கற்றுக்கொள் என்று எவரேனும் சொல்லியிருப்பின், தட்டெழுத்துப் பயின்று ஏதேனும் கடையில் கணக்கெழுதியிருக்கலாம்! அவர் மாறவில்லை. மாறவேண்டியது தாம் அல்லர், தம் திறனுக்கு இடமளிக்காத நிலையமே என்பதை அறிந்திருந்தார். 1974 மேத் திங்களில் தமிழ்நாட்டரசு செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தை ஏற்படுத்தி அவரை இயக்குநராக அமர்த்திற்று. அப்போது அவருக்கு எழுபத்திரண்டு. 1981 சனவரியில் மறையும் வரை அப்பணியில் இருந்தார்; முதன்மடலத்தின் முதற்பகுதி 1985இல் அச்சேறியது. இடையில் கழிந்த பதின்மூன்று ஆண்டுகளைத் தமிழுக்கு எவர் திருப்பித் தருவார்?

பாவாணர்க்கு நேர்ந்ததே பற்றவைப்பாளனுக்கும் நேர்கின்றது. அனல்மின் ஆணைகள் 2023க்குப் பின் நாட்டில் மீண்டும் பெருகத் தொடங்கியுள்ளன. ஆணை திரும்பும், கை திரும்புமா? நாற்பதாண்டில் திருச்சிராப்பள்ளி சேர்த்துவைத்த கைத்திறன் வளைகுடாவிலும், செல்பேசிச் செயலி ஏவியபடி உணவுப்பொதி சுமக்கும் ஈருருளியிலும், திருவரங்கத்துத் தானியிலும் சிதறிக் கிடக்கின்றது. வேலையின்றிக் கிடந்த இடைக்காலத்தில் அவர்தம் தகுதிச் சான்றுகளும் காலாவதியாயின. நாளை ஆள் போதவில்லை என்று முதலாளியரே ஒப்பாரி வைப்பர். தமிழ்நாட்டில் திறனாளர் இல்லை என்றும் கூசாமல் சொல்வர்.

மாற்றுவழியே இல்லையா எனின், உண்டு. ஆனால் அது தனியொருவன் இரவில் விழித்துக் கண்டுபிடிக்கும் வழியன்று. 1957இல் காப்பி வாரியம் தன் காப்பியில்லங்களை மூடிப் பணியாளரை வெளியேற்றிற்று. ஏ.கே. கோபாலன் வழிகாட்ட, வெளியேற்றப்பட்டவர்களே கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்து அவ்வில்லங்களைத் தாமே நடத்தினர். அவற்றுட் பல இன்றும் நடக்கின்றன. இதனினும் நெருங்கிய எடுத்துக்காட்டு கண்ணூரில் உள்ளது. 1966ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டத்தை நடைமுறைப்படுத்த விரும்பாத முதலாளியர் கொட்டகைகளை மூடிவிட்டு அகன்றனர். ஏறத்தாழப் பன்னீராயிரம் பேர் தெருவுக்கு வந்தனர். 1969இல் கேரள தினேசு பீடிக் கூட்டுறவு பிறந்தது. அரசு முதலீட்டுக் கடன் தந்தது. ஒரு காலத்தில் நாற்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் அதில் பணிசெய்தனர். புகையிலைக்கு எதிர்காலமில்லை என்று தெரிந்தபோது, 1990களின் பிற்பகுதியிலிருந்து அவர்களே உணவுப்பொருள், தேங்காய்ப்பால், குடை, ஆடை எனத் தொழிலைப் படிப்படியாய் மாற்றினர். அங்கும் தொழிலாளர் தொகை சுருங்கியது உண்மை. எல்லாரும் வாழ்ந்தனர் என்று சொல்வதற்கில்லை. ஆயினும் அங்கே மாறியது நிலையம். அதனுள்ளிருந்த மாந்தன் கைவிடப்படவில்லை. திருச்சிராப்பள்ளிச் சுருட்டாளனும் கண்ணூர்ப் பீடியாளனும் புகையிலையைச் சுருட்டியவர்களே. ஒருவனுக்குக் கூட்டுறவு கிடைத்தது; மற்றவனுக்கு அறிவுரை கிடைத்தது.

கேட்கவேண்டியவை பலவல்ல. தொழிலாளனின் பணிக்காலம், முதலாளியும் ஒப்பந்தக்காரனும் மாறினாலும் அறுபடாமல் அவன் பெயரிலேயே ஒன்றன்மேல் ஒன்றாய்க் கூடிவரல் வேண்டும். 240 நாட் சூழ்ச்சி அதனால் ஒழியும். மறுதிறன் நிதி பதினைந்து நாளன்று, பயிற்சி முடியும்வரை குடும்பம் உண்ணும் அளவினதாதல் வேண்டும். அது கல் தீட்டியோர்க்கும் பூக்கட்டியோர்க்கும் உரியதாதல் வேண்டும். வேலையிழப்பு உதவியில் வாழ்நாளில் ஒருமுறை என்னும் வரையறை நீங்கல் வேண்டும். பட்டறிவால் வந்த கைத்திறனை அளந்து சான்றளிக்கும் தேர்வுகள் அனைத்தும் தமிழில் நடத்தல் வேண்டும். உலை, சாணை, அரம், பற்று, மட்டம் எனப் பட்டறையில் வழங்கும் தமிழே அத்தேர்வுத் தாளிலும் வழங்கல் வேண்டும். காலாவதியான பற்றவைப்புச் சான்றுகளைத் திருவெறும்பூரிலேயே கட்டணமின்றிப் புதுப்பித்துத் தரல் வேண்டும். அதற்கான அறிவும் கருவியும் அவ்வூரில் உள்ளன. பூட்டிக் கிடக்கும் பட்டறைகளை, வங்கி ஏலமிட்டுப் பழைய இரும்பாக விற்குமுன், அங்குப் பணியாற்றியோரின் கூட்டுறவுக்குக் குத்தகையாகவேனும் தரல் வேண்டும்.

இக்கேட்புகளோடு அலுவலரை அணுகினால், வேலையிழந்தோர் எத்தனை பேர், அவர் அறிந்த தொழில் என்ன என்ற கணக்கு உண்டா என்று அவரே திருப்பிக் கேட்பார். வேலைவாய்ப்பகப் பதிவேட்டில் படிப்பு இருக்கும், கை இருக்காது. ஆகவே திருவரங்கத்திலும் உறையூரிலும் துவாக்குடியிலும் உள்ள தமிழன்பர்கள், தத்தம் தெருவில் தானி நிறுத்தத்திலும் தேநீர்க்கடையிலும் பூச்சந்தையிலும் இருப்போரிடம் சென்று, அவர் முன்பு செய்த தொழில், செய்த ஆண்டுகள், இழந்த ஆண்டு, இழந்த கரணியம் ஆகிய நான்கையும் ஏட்டில் எழுதத் தொடங்குக. பெண்டிரை விட்டுவிடாமல் எழுதுக. பொங்கலுக்குள் ஒவ்வொரு தெருவின் ஏடும் நிறைவுறுமாயின், மாவட்ட ஆட்சியரின் மேசைமேல் வைக்க அதுவே முதற்சான்றாகும்.